மீட்டர் போட்டோவும் நான் போட்ட சண்டையும்

இந்த எபிசோடை ரொம்ப நாளா தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். தலைப்பு என்னமோ ஈ.பி. பில்தான். ஆனா அதுக்குள்ள நான் ஒரு நண்பன்கிட்ட நடந்துக்கிட்ட விதமும் மாட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டையும் பிரிச்சுச் சொல்லிப் பார்த்தேன், முடியல. சேர்த்தே சொல்லிடுறேன்.

2023. வேளச்சேரியில மூணாவது மாடி, தலைக்கு மேல மொட்டை மாடி. சென்னையில வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு இந்த ஒரு வரியே போதும். மூணு பேர் இருந்தோம். நான், என்கூட காலேஜ்ல படிச்ச ஒருத்தன், அப்புறம் ஒரு மதுரைக்காரன். அவனுக்கு ஓ.எம்.ஆர்-ல நைட் ஷிஃப்ட். காலையில எட்டு மணிக்கு வந்து படுத்தான்னா மூணு மணிக்குத்தான் எழுந்திருப்பான். வீட்டுல ஏ.சி. ஒரே ஒரு ரூம்லதான். பகல்ல அவன் அங்க தூங்குவான், ராத்திரி நாங்க ரெண்டு பேரும் தூங்குவோம்.

பிப்ரவரியில வந்த பில் 380 யூனிட், 1,035 ரூபாய். ஆளுக்கு 345. அதையெல்லாம் ஒரு செலவாவே நினைச்சதில்ல. ஜூன் பாதியில ரீடிங் எடுக்க வந்தவர் கார்டுல எழுதிட்டுப் போனது 890 யூனிட். பில் 5,450 ரூபாய்.

நான் முதல்ல தப்பா எழுதிட்டார்னு நினைச்சேன். யூனிட் ரெண்டேகால் மடங்குதான் ஏறியிருக்கு, பில் எப்படி அஞ்சு மடங்குக்கு மேல ஏறும்? உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க. நான் சொல்ற ரேட் 2022 செப்டம்பர்ல வந்தது, அந்த பில்லுல இருந்தது. 2024 ஜூலையில இன்னும் கொஞ்சம் ஏத்துனாங்க. அதனால உங்க கணக்குக்கு இப்ப இருக்கிற ரேட்டைப் பார்த்துப் போட்டுக்கோங்க.

ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இது எல்லாருக்கும் தெரியும். 500-க்குள்ள நின்னா, அடுத்த 100 யூனிட் 2 ரூபாய் 25 காசு, அதுக்கு மேல 400 வரைக்கும் 4.50, கடைசி 100 யூனிட் 6 ரூபாய். சரியா 500-ல நின்னா பில் 1,725. இப்ப 501-னு வெச்சுக்கோங்க. அந்த 2.25 ரேட்டே காணாமப் போயிடும். 101-லேருந்தே 4.50 போட ஆரம்பிச்சிடுவாங்க. பில் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! ஒரு யூனிட்னா என்ன, இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் போட்டா ஆகுற கரண்ட்.

அங்கேயும் நிக்காது. 500-லேருந்து 600 வரைக்கும் 8 ரூபாய், 800 வரைக்கும் 9, அதுக்கு மேல 1,000 வரைக்கும் 10. அப்போ 890-ல இருக்கிற எங்க வீட்டுல, கடைசியா ஓடுன ஒவ்வொரு யூனிட்டும் 10 ரூபாய். பிப்ரவரியில அதே ஃபேன், அதே ஃபிரிட்ஜ், கடைசி யூனிட் 4.50.

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. நாங்க மூணு பேரும் தனித்தனி வீட்டுல இருந்து ஆளுக்கு 297 யூனிட் எரிச்சிருந்தா, ஆளுக்கு சுமார் 660 ரூபாய்தான் வந்திருக்கும். ஒரே வீட்டுல இருந்ததால ஆளுக்கு 1,817. இலவச 100 யூனிட் ஆளுக்கு இல்ல, கனெக்‌ஷனுக்கு. ரேட்டும் கனெக்‌ஷனைப் பார்த்துத்தான் ஏறும். அதுக்காக யாரும் தனித்தனியா வீடு பார்த்து மூணு அட்வான்ஸ் கொடுக்கப் போறதில்ல. ஆனா ஷேரிங்ல இருக்கிறவன் ஈ.பி. பில்லுல மட்டும் நஷ்டப்படுறான்னு தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது.

சரி, சண்டைக்கு வர்றேன்.

அன்னிக்கு சாயங்காலம் மதுரைக்காரன் எழுந்து டீ போட்டுட்டு இருந்தான். நான் பில்லை அடுப்பு மேடையில வெச்சு, "மச்சான், பகல் பூரா ஏ.சி. போட்டா இப்படித்தான் வரும். நீ 3,000 கொடு, மிச்சத்தை நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிறோம்"னு சொன்னேன். ராத்திரி ஏ.சி.ன்னா அவசியம், பகல் ஏ.சி.ன்னா சொகுசுன்னு எனக்குள்ள ஒரு எண்ணம். அவனுக்குப் பகல்தான் ராத்திரின்னு தெரியும். தெரிஞ்சும் அப்படித்தான் தோணுச்சு. அவன் ஒண்ணும் பேசல. டீயைக் குடிச்சு முடிச்சுட்டு, ஜி-பேல 3,000 போட்டான். "அடுத்த மாசம் நான் வேற இடம் பார்த்துக்கிறேன்டா"ன்னான். அவ்வளவுதான்.

எனக்கு உள்ளுக்குள்ள உறுத்துச்சு. உறுத்தினா மன்னிப்புக் கேட்கணும் இல்லையா? நான் ஆதாரம் தேடப் போனேன். அவன் கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் இருந்துச்சு. தினமும் நாலு தடவை மீட்டரை போட்டோ எடுத்தேன். காலையில ஆறு மணி, எட்டு மணி, மத்தியானம் மூணு, ராத்திரி பத்து. மூணு மணி போட்டோவை வீட்டுல இருந்தே வேலை பார்த்த இன்னொருத்தன்கிட்ட சொல்லி எடுக்க வெச்சேன்.

மூணு, நாலு நாள்லயே தெரிஞ்சு போச்சு. அதே நேரத்துல ஓடுற ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் கழிச்சா, அவனோட பகல் ஏ.சி. சுமாரா 3 யூனிட். எங்களோட ராத்திரி ஏ.சி. மூன்றரை. எப்படின்னா, அவன் 27-ல வெச்சு, ஸ்கிரீனை இழுத்துவிட்டு, ஃபேனும் போட்டுத் தூங்குவான். நாங்க 20-ல வெச்சுட்டு, குளிருதுன்னு போர்வையை இழுத்துப் போத்திக்குவோம். ஸ்டார் லேபிள் ஒட்டுன ஏ.சி. எல்லாம் 2020-லேருந்து ஆன் பண்ணினா 24-லதான் நிக்கும், அரசாங்கமே அப்படி விதி போட்டிருக்கு. நான்தான் தினமும் மெனக்கெட்டு ரிமோட்டை எடுத்து நாலு டிகிரி குறைச்சிருக்கேன்.

அடுத்த விஷயம் இன்னும் மோசம். காலையில ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவுல தினமும் ஒன்றரை யூனிட் கூடுதலா ஓடுது. அந்த நேரத்துல அவன் வீட்டுலயே இருக்க மாட்டான். நாங்க பல்லு தேய்ச்சுட்டு இருப்போம். கோடையில ஹீட்டர் போடுறதும் இல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜ் உட்பட எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுக் கீழே மீட்டர்கிட்ட போய் நின்னேன். மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கும், பார்த்திருப்பீங்க. கரண்ட் ஓட ஓட வேகமா மினுக்கும். வீட்டுல ஒண்ணுமே ஓடலன்னா அது அப்படியே நிக்கணும். அன்னிக்குப் பட்டாசு மாதிரி மினுக்குச்சு. பக்கத்துல தண்ணி மோட்டார் ஓடிட்டு இருந்துச்சு. மோட்டாரை நிறுத்தினேன். விளக்கும் நின்னுச்சு.

மொத்த பில்டிங்குக்கும் தண்ணி ஏத்துற ஒரு ஹெச்.பி. மோட்டார், எங்க மீட்டர்ல ஓடிட்டு இருந்திருக்கு. ஹவுஸ் ஓனர் ஆன்ட்டிகிட்ட போய்ச் சொல்றதுக்கு எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. கோபப்பட்டு காலி பண்ணச் சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு இது புரியும். (வாடகைத் தகராறு இருந்தாலும் ஓனர் உங்க கரண்டையோ தண்ணியையோ துண்டிக்கக் கூடாது. 2017-ல தமிழ்நாடு போட்ட வாடகைச் சட்டத்துலயே அது இருக்கு. எனக்கு அப்போ தெரியாது.) ஆன்ட்டி கோபப்படவே இல்ல. "ஐயோ தம்பி, ஏப்ரல்ல பொது லைன் போயிடுச்சு, எலக்ட்ரீஷியன் தற்காலிகமா உங்க லைன்ல கொடுத்தான், மறந்தே போச்சு"ன்னாங்க. நிஜமாவே மறந்தாங்களா, இல்ல பொது மீட்டர்ல முதல் யூனிட்டுக்கே 8 ரூபாய்ங்கிறதால மறதி வந்துச்சான்னு எனக்குத் தெரியாது. வாடகையில 900 ரூபாய் கழிச்சுக்கச் சொன்னாங்க. 90 யூனிட், 10 ரூபாய் ரேட். கணக்கு நியாயம்தான்.

இன்னொண்ணு, நாங்களே கொண்டுவந்த வினை. அந்த மார்ச்ல சென்னையில சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு. கேஸை மிச்சம் பண்ணலாம்னு நான்தான் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினேன், பெரிய புத்திசாலி மாதிரி. 14.2 கிலோ சிலிண்டர் முழுசா எரிஞ்சு செய்யுற சமையலை இண்டக்‌ஷன்ல செய்ய சுமாரா 130, 140 யூனிட் ஆகும். அப்படின்னா, கரண்ட் யூனிட் 8 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல போனாலே கேஸ்தான் மலிவு. பிப்ரவரியில, கடைசி யூனிட் 4.50-ல இருந்தப்போ, இண்டக்‌ஷன் லாபம். மே மாசம், 10 ரூபாய்ல இருந்தப்போ, அதே அடுப்பு நஷ்டம். 'இண்டக்‌ஷன் லாபமா, கேஸ் லாபமா'ன்னு இன்ஸ்டாவுல ஆளாளுக்கு ஒரு ரீல் போடுறாங்க. உங்க கடைசி யூனிட் என்ன ரேட்டுல ஓடுதுன்னு பார்க்காம அதுக்குப் பதிலே கிடையாது. சிலிண்டர் விலை அப்புறம் குறைஞ்சிருக்கு, ஏறியும் இருக்கு. அதனால நான் இப்ப சீசன் பார்த்து அடுப்பை மாத்துறேன்.

ஃபேனுக்கும் இதே கதைதான். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துல ஒரு ஃபேனுக்கு 54 யூனிட் வித்தியாசம். வாடகை வீட்டுக்கு எதுக்குடா ஃபேன் வாங்கணும்னு நானும் யோசிச்சேன். காலி பண்ணும்போது கழட்டி எடுத்துட்டுப் போகலாம், பழைய ஃபேனை மாட்டிட்டுப் போகலாம். ரெண்டு வாங்கினேன். எல்.இ.டி. பல்பை அணைக்கச் சொல்லி ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டது எல்லாம் வெறும் வேஸ்ட். 9 வாட் பல்ப் ராத்திரி பூரா எரிஞ்சாலும் ஒரு யூனிட்ல பத்துல ஒரு பங்குதான்.

சப்-மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு 10 ரூபாய்னு ஒரே ரேட்டா வாங்குற வீட்டுல இருக்கிறவங்களுக்கு இந்த 500 கணக்கு பொருந்தாது. உங்களுக்கு முதல் யூனிட்டே 10 ரூபாய். அது தனி எபிசோடுக்கான கோபம்.

மதுரைக்காரன் ஜூன் 30 காலையில கிளம்பினான். பெட்டியைத் தூக்கிட்டு ஆட்டோ வரைக்கும் கூடப் போனேன். அப்போ என் போன்ல இருந்தது 50 மீட்டர் போட்டோ. எல்லாம் எனக்கு எதிரான ஆதாரம். சொல்லல. "ஆகட்டும்டா, பார்ப்போம்"னு மட்டும் சொன்னேன்.

ஆன்ட்டிகிட்ட பேசி முடிச்சதும் திரும்பக் கணக்குப் போட்டேன். மோட்டாரைக் கழிச்சா 800 யூனிட், 4,550 ரூபாய். மூணா பிரிச்சா ஆளுக்கு 1,517. அவன் கொடுத்தது 3,000. 1,483 ரூபாய் அனுப்பினேன். கூடவே ரெண்டு வரி எழுதினேன்: மோட்டார் விஷயம், 20 டிகிரி விஷயம், தப்பு என்மேலதான்னு.

அன்னிக்கு ராத்திரி, அவனோட ஷிஃப்ட் நேரத்துல, பதில் வந்துச்சு. "கணக்கு சரியா இருக்குடா."

அதுக்கு அப்புறம் பிறந்தநாளைக்கு ரெண்டு பேரும் வாழ்த்து அனுப்பிக்கிறோம். போன்ல பேசினதில்ல. இந்த எபிசோடைப் போடுறதுக்கு முன்னாடி எழுதி வெச்சதை அவனுக்கு அனுப்பிக் கேட்டேன், போடலாமான்னு. "போடு, ஆனா நான் 26-ல வெச்சேன், 27 இல்ல"ன்னான். எனக்கு 27-னுதான் ஞாபகம். நீங்க 26-னே வெச்சுக்கோங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.