கல்யாணத் தகடு ஏன் ஓடவில்லை?



பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் புதிய மாநில எல்லை வந்தது. விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிரித்தது. ஆனால், உறவு பிரியவில்லை. களியக்காவிளைக்கு அப்பாலும் இப்பாலும் பெண் கொடுக்கிறார்கள், பெண் எடுக்கிறார்கள்.

அந்தக் கல்யாணங்களின் படம் பல வீடுகளில் வீடியோ தகடாக இருக்கிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மகளின் கல்யாணத் தகடு அலமாரியில் பல வருடம் கிடந்தது. ஒருநாள் எடுத்துப் போட்டார்கள். படம் வரவில்லை. அந்தப் படத்தில் பாட்டி மணமக்களை வாழ்த்துகிறார். இன்று பாட்டி இல்லை. அவர் குரல் அந்தத் தகட்டில் மட்டுமே இருக்கிறது.

தகட்டைத் தூக்கி எறியலாமா? கூடாது. முதலில் காரணம் தேட வேண்டும்.

சினிமாத் தகடு ஆலையில் அச்சாகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத சிறு பள்ளங்கள் உண்டு. கல்யாணத் தகடு அப்படி அல்ல. அதில் ஒரு சாயப் பூச்சு இருக்கிறது. லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டுப் படத்தைப் பதிக்கிறது. இத்தகடு ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். அதனால் சில பழைய பிளேயர்கள் இதைப் படிக்கத் திணறும்.

என்ன செய்யலாம்?

ஒன்று: தகட்டின் மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள். டி.வி.டி. என்று இருந்தால் அது வி.சி.டி. பிளேயரில் ஓடாது.

இரண்டு: மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டக் கீறல் விழுந்தால் படம் நின்று நின்று ஓடும்.

மூன்று: பக்கத்து வீட்டுப் பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் உங்கள் பிளேயரைக் கவனிக்க வேண்டும். அதன் லென்சில் தூசி படிந்திருக்கலாம்.

நான்கு: கணினியில் போட்டுப் பாருங்கள். அங்கே மட்டும் ஓடுகிறதா? அப்படியானால் பதிந்த முறையில் குறை இருக்கலாம். பதிவை முடித்துப் பூட்டாமல் விட்டிருக்கலாம். படத்தை வெறும் கோப்பாக வைத்திருக்கலாம். மீண்டும் சரியாகப் பதிந்தால் போதும்.

தகட்டின் அடிப்பக்கத்தைத்தான் எல்லாரும் காப்பாற்றுகிறார்கள். ஆனால், சி.டி.யில் பதிவு மேற்பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் பதிவு கெடும். அந்த இடத்தைத் திருத்த முடியாது. வெயிலும் சாயத்தைக் கெடுக்கும். தகட்டை உறையில் போட்டு நிழலில் வையுங்கள்.

எத்தனை கவனமாக வைத்தாலும் சாயம் நாளடைவில் மங்கும். ஆகவே தகடு ஓடும்போதே கணினியிலும் பென்டிரைவிலும் நகல் எடுங்கள். ஒரு நகலை எல்லைக்கு அப்பால் இருக்கும் உறவினர் வீட்டிலும் கொடுத்து வையுங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. உறையின் மேல் உங்கள் கையாலேயே எழுதுங்கள். யார் கல்யாணம்? எந்த ஊர்? எந்த வருடம்? வாழ்த்தும் பாட்டியின் பெயர் என்ன?

முகத்தைத் தகடு காட்டும். அது யார் என்பதை உங்கள் எழுத்துத்தான் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்.