சிறு குண்டும் பெரு மரையும்



கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வேட்டைத் திறத்தைப் புறநானூற்றிலே வன்பரணர் பாடியிருக்கிறார். அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பிலே தைத்து நின்றதாம். இது புலவரின் உயர்வு நவிற்சி எனலாம். ஆயினும் ஓரி புகழப்படுவது குறி தவறாமைக்காக மட்டுமன்று. வில்லின் வன்மைக்காகவும் ஆகும். வல்வில் என்னும் அடைமொழியே அதற்குச் சான்று.

கேகாலை மாவட்டத்திலே, அரநாயக்க மலைச்சரிவில், ஒரு தோட்டத்து லயத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாலை வேளை, வாசலிலே சிலர் கூடிப் பழைய வேட்டைக் கதை பேசுகின்றனர். இளைஞன் ஒருவன் கேட்கிறான்: “குறி சரியாக இருந்தால், மரைக்குச் சின்னத் துவக்குப் போதாதா, தாத்தா?” முதியவர் சற்றே சிந்தித்து, “குறி சரிதான், தம்பி. ஆனால் விழாத மரையை எங்கே போய்த் தேடுவாய்?” என்கிறார்.

அந்த மறுவினாவிலே ஒரு பெரும் பொறுப்பு அடங்கியுள்ளது. தமிழகத்தார் கடமான் என்று கூறும் மரை, நம் நாட்டு மான்களுள் மிகப் பெரியது. வளர்ந்த கலைமரை 200 கிலோகிராமுக்கு மேலும் எடை கொள்ளும். தடித்த தோலும், திரண்ட தசையும், வலிய தோளெலும்பும் அதன் இதயத்தையும் நுரையீரலையும் காக்கின்றன. ‘பொயின்ட் டூ டூ’ எனப்படும் சிறு துவக்கின் ஈயக்குண்டோ ஏறத்தாழ 2.6 கிராம் எடையுடையது. அது குழலை விட்டு வெளிப்படும்போது கொண்டிருக்கும் ஆற்றல் 150 ஜூல் அளவினது. பழைய ‘த்ரீ நோட் த்ரீ’ துப்பாக்கியின் குண்டு கொண்டிருக்கும் ஆற்றலோ இதனைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு.

இத்தகைய சிறு குண்டு எலும்பிலே பட்டால் நசுங்கி நின்றுவிடக்கூடும். நுரையீரலை எட்டினாலும் விலங்கு உடனே வீழ்வது உறுதியன்று. அது ஓடிப் புதரில் மறையும். மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ துன்புற்று மடியும். சுட்டவனுக்கு இறைச்சியுமில்லை, விலங்குக்கு விரைந்த மரணமுமில்லை.

இதற்கு மறுப்பாக வேட்டைக்காரர் சிலர் ஸ்கொட்லாந்துக்காரரான பெல் என்பவரை எடுத்துக்காட்டுவர். ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற அவர், அவற்றுட் பலவற்றை 7 மில்லிமீற்றர்த் துப்பாக்கியாலேயே வீழ்த்தினார். ஆனால் அவர் பயன்படுத்தியது கடின உலோக உறையிட்ட நீண்ட குண்டு. எடை ஏறத்தாழ 11 கிராம். அன்றியும், யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளையின் இருப்பிடத்தை அறிந்தவர் அவர். விட்டம் சிறிதாயினும் வன்மை சிறிதன்று.

நுவரெலியாவில் வாழ்ந்து, 1854-இல் தம் இலங்கை வேட்டை அனுபவங்களை நூலாக வெளியிட்ட சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவரிடம் 21 இறாத்தல் எடையுள்ள துப்பாக்கியைச் செய்வித்தவர். பெருவிலங்குக்குப் பெருங்குண்டே தகும் என்பது அவர் கொள்கை. அவர் எண்ணற்ற உயிர்களை மாய்த்தவர். அச்செயலை நாம் போற்ற வேண்டியதில்லை. ஆயினும் கருவியின் வன்மைபற்றி அவர் கொண்ட கருத்து பிழையன்று.

மான் வேட்டை இன்றும் அனுமதிக்கப்படும் இங்கிலாந்திலே, 1991-ஆம் ஆண்டின் மான் சட்டம் இக்கருத்தையே விதியாக்கியுள்ளது. பெரிய மான்களைச் சுடும் துப்பாக்கி 0.240 அங்குலத்துக்குக் குறைந்த விட்டமோ, 2,305 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலோ உடையதாய் இருத்தலாகாது. கொல்வதற்கு இசையும் சட்டமும் வதைப்பதற்கு இசையவில்லை.

நம் நாட்டிலோ அந்தக் கேள்விக்கே இடமில்லை. 1937-ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் மரை பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதைக் கொல்வதும் குற்றம்; இறைச்சியை விற்பதும் குற்றம். அவ்வாறிருந்தும் களவாக வேட்டையாடுபவன் சிறு துவக்கை நாடுவதேன்? ஓசை குறைவு, தோட்டா மலிவு. அவன் கருதுவது தன் வசதியை. மரையின் வேதனையை அன்று.

ஆகவே, அம்முதியவரின் வினாவுக்கு அவ்விளைஞன் தரக்கூடிய நல்ல விடை ஒன்றே. மரையைத் தேட வேண்டாம். துவக்கையும் எடுக்க வேண்டாம். காடு அதற்கு உரியது. அது அங்கேயே நடமாடட்டும்.