வானில் மூன்று மணி, வழியில் ஒரு நாள்

தில்லியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்? வரைபடத்தின்மீது நேர்கோடு இழுத்தால் சுமார் 1,760 கிலோமீட்டர். போபால், நாகபுரி, விசயவாடா வழியாகச் செல்லும் இருப்புப்பாதையிலோ ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு விரைவுவண்டியில் ஏறி அமர்ந்தால், சென்னையை அடைய ஒன்றரை நாளுக்குச் சற்றுக் குறைவாகும்.

ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் பறக்கிறது. கணக்குப்படி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். ஆயினும் கால அட்டவணையில் மூன்று மணியை ஒட்டியே குறித்திருக்கிறார்கள். விமானம் தன் நிலையினின்று நகரும் கணம்முதல், மறுமுனையில் வந்து நிற்கும் கணம்வரை அக்கணக்கு ஓடுகிறது. ஓடுதளத்துக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், இறங்குவதற்கு முறை வரும்வரை வட்டமிடுவதும் அதில் அடங்கும்.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. குளிர்காலத்தில் வட இந்தியாவின் உயர்வானில் மேல்காற்று கடுவிசையுடன் வீசுகிறது. ஆதலால் மும்பையிலிருந்து கொல்கத்தா செல்வோர் விரைந்து சேர்வர். திரும்புவோர்க்குச் சற்றுக் கூடுதல் நேரமாகும். தில்லி - சென்னை வழி வடக்குத் தெற்காக அமைந்தமையால் இவ்வேறுபாடு குறைவு.

1949-இல் இரவு விமான அஞ்சல் தொடங்கியது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் விமானங்களும் நள்ளிரவில் நாகபுரியில் கூடி, அஞ்சற் பைகளை மாற்றிக்கொண்டு திரும்பின. நம்மவர் எழுதிய கடிதங்கள் ஒரே இரவில் பறந்தன. எழுதியவர்களோ பெரும்பாலும் இரயிலில்தான் சென்றார்கள்.

இன்று நாமும் பறக்கிறோம். ஆனால் நம்மிற் பலருக்குச் சென்னை சொந்த ஊரன்று. நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர் ஒருவரின் வழியைக் கணக்கிடுவோம். வீட்டிலிருந்து விமான நிலையம். அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாக இருத்தல் வேண்டும். வானில் மூன்று மணி. பெட்டிகள் வந்து சேரும்வரை காத்திருத்தல். பின்னர் சென்னையிலிருந்து ஓர் இரவு இரயில். காலையில் கிளம்பியவர் மறுநாட் காலையில்தான் திருநெல்வேலியில் இறங்குவார். மார்கழி, தை மாதங்களில் தில்லியில் மூடுபனி படர்ந்தால் அதுவும் தவறும்.

இவ்வாறிருக்க, "மூன்று மணி நேரந்தானே, வேண்டும்போது போய்க்கொள்ளலாம்" என்று பயணத்தைத் தள்ளிப்போடும் வழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. தாய்க்கு உடல்நலமில்லை என்று நள்ளிரவில் செய்தி வரும்போதுதான் எஞ்சிய மணிகள் நினைவுக்கு வருகின்றன. இரயிலை நம்பியிருந்த காலத்தில் விடுமுறையை முன்கூட்டியே குறித்தோம். நாம் வரும் மாதத்தை ஊரிலிருந்த பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். அவ்வழக்கத்தை மட்டும் கைவிட வேண்டுவதில்லை. பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ செல்லும் நாளை இப்பொழுதே குறித்து, ஊரில் இருப்போருக்குத் தெரிவித்துவிடுவோமாக.