பாவுக்குக் கஞ்சி, நெய்வோனுக்கு அயற்குப்பியா?

 

காஞ்சித் தெருக்களில் விடியற்காலையில் பாவு விரிப்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் இவ்வூரார். பட்டுநூற் பாவைத் தெருநெடுக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, காற்றில் உலர்த்துவர். கஞ்சியுண்ட இழையே தறியின் இழுப்பையும் உராய்வையும் தாங்கும். உண்ணாத இழை இடையிலேயே அறும். இழைக்குப் பொருந்தும் இந்நெறி, அவ்விழையை நெய்வோன் உடலுக்குப் பொருந்தாதா?

குழித்தறியில் குழிக்குள் கால்களை இறக்கி நாள்முழுதும் அமர்பவன் நெசவாளி. திருமணப் பருவத்தில் அவன் இரவிலும் எழுவதில்லை. தறியைவிட்டு ஒரகடத்திற்கும் திருப்பெரும்புதூருக்கும் ஆலைவேலைக்குச் செல்லும் அவன் மகனுக்கோ இரவுமுறை. களைத்த இவ்விருவரையும் குறிவைத்தே கடைதோறும் தொங்குகின்றது 'எனர்சி டிரிங்கு' என்னும் அயற்பெயர் கொண்ட குப்பி. ஆற்றல் தருவதாகச் சொல்லி விற்கப்படும் அந்நீர் தருவது ஆற்றல்தானா?

அக்குப்பியில் இருப்பவை எவை? நீர், சருக்கரை, காபீன், டாரின், சில உயிர்ச்சத்துகள், நிறமும் மணமும். 250 மில்லி லிட்டர் கொண்ட குப்பியொன்றில் ஏறத்தாழ 75 மில்லி கிராம் காபீனும் 27 கிராம் சருக்கரையும் இருப்பது பெரும்பான்மை வழக்கு. 27 கிராம் என்பது ஆறு சிறு கரண்டிக்கும் மேல். உணவில் சேர்க்கும் சருக்கரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் அடங்குவது மேலும் நலம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் அறிவித்தது. ஒரே குப்பி அவ்வளவையும் விழுங்கிவிடுகின்றது!

காபீன் ஆற்றல் தருவதன்று, களைப்பை மறைப்பது. உழைக்க உழைக்க மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்கின்றது. 'ஓய்வு கொள்' என்று உடலுக்கு உரைக்கும் தூதன் அது. அத்தூதன் நுழையும் வாயிலைக் காபீன் அடைத்து நிற்கின்றது. செய்தி தடைப்படுகின்றதேயன்றிக் களைப்புத் தீர்வதில்லை. குடித்த காபீனில் பாதி கழியவே ஏறத்தாழ ஐந்து மணிநேரம் ஆகும். இரவு பத்து மணிக்குக் குடித்தவன் உடலில் மூன்று மணிக்கும் பாதி நிற்கும். உறக்கம் கெடும், மறுநாள் களைப்பு மிகும், மீண்டும் குப்பி வேண்டப்படும். கடனை அடைக்கக் கடன் வாங்கும் நெசவாளியின் நிலையே இது!

அளவு மீறின் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், குருதியழுத்தம் உயரும். நூலிழை பிரிக்கும் கைக்கு நடுக்கம் வந்தால் பிழைப்பு என்னாவது? சருக்கரையோ உடற்பருமனுக்கும் பற்சிதைவுக்கும் நீரிழிவுக்கும் வழிகோலுகின்றது. இந்தியாவில் நீரிழிவு உற்றோர் 10 கோடிக்கும் மேற்பட்டோர் என்று 2023இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது.

இக்குடிநீரின் பிறப்பையும் அறிதல் வேண்டும். சப்பானில் 1962இல் சிறு மருந்துக்குப்பியாக இவ்வகை விற்பனைக்கு வந்தது. தாய்லாந்தில் 1970களில் 'கிராத்திங் தேங்' என்னும் பெயரில் சரக்குந்து ஓட்டுநர்க்கும் கூலியாட்களுக்கும் விற்கப்பட்டது. அதனைத் தழுவிய குடிநீர் 1987இல் ஆத்திரிய நாட்டில் புதுப்பெயர் பூண்டு உலகெங்கும் பரவியது. உழைப்பாளியின் களைப்பே இவ்வணிகத்தின் முதல் என்பது இதனால் விளங்கும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் வகுத்த விதிப்படி, இவற்றில் லிட்டருக்கு 300 மில்லி கிராமுக்கு மேல் காபீன் இருத்தலாகாது. குழந்தைகளும் கருவுற்றோரும் பாலூட்டுவோரும் தவிர்க்க வேண்டும் என்னும் எச்சரிக்கையும் குப்பியில் இருத்தல் வேண்டும். இலித்துவேனியா 2014 முதலும், போலந்து 2024 முதலும் பதினெட்டு அகவை நிரம்பாதார்க்கு இவற்றை விற்பதையே தடுத்துள்ளன. காஞ்சிச் சிறுவனோ பள்ளிவிட்டு வரும் வழியில் காசு கொடுத்து வாங்குகின்றான். குப்பியின் எச்சரிக்கை பொடியெழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ்த்தாய் எங்ஙனம் படித்துத் தடுப்பாள்? மொழியுரிமை உயிர்க்காவலும் ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மாற்று இல்லையா? உண்டு, வீட்டிலேயே உண்டு. இரவு ஊறிய பழஞ்சோற்று நீராகாரம், உப்பிட்ட மோர், இளநீர், கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ், சுக்குமல்லி நீர் — இவை தமிழர் பருகியவை. காஞ்சி இட்டளியில் சுக்கும் மிளகும் சீரகமும் சேர்த்த ஊருக்குச் சுவையையும் செரிமானத்தையும் அயலான் கற்பிக்க வேண்டுவதில்லை. எனினும் உண்மையை மறைத்தல் தமிழர் நெறியன்று: பதநீரும் கருப்பட்டியும் இனிப்பே, நீரிழிவு உற்றோர் அவற்றையும் அளவறிந்தே கொள்ளல் வேண்டும். உறக்கத்துக்கு ஈடான பருகுநீர் எம்மொழியிலும் இல்லை.

ஏறுதழுவல் எழுச்சியை அடுத்து, 2017ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாளிலிருந்து அயல்நாட்டுக் குளிர்நீர்களை விற்பதில்லை எனத் தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் முடிவெடுத்தன. ஒருநாள் உணர்ச்சி வாழ்நாள் ஒழுக்கமாக மாறினாலன்றிப் பயன் நிலைக்காது. கூட்டுறவுச் சங்க வாயிலில் ஒரு மோர்ப்பானை வைப்பதற்கு எந்தச் சட்டமும் வேண்டுவதில்லை. நெய்வோன் இரவில் உறங்குதற்கேற்ற கூலியைக் கேட்டுப் பெறுதல் அதனினும் முதன்மையானது. களைப்புக்கு வேர் அங்கேயே உள்ளது.

பாவுக்குக் கஞ்சி ஊட்டும் கைகளே! உங்கள் உடலும் ஒரு பாவு. அதனை அறவிடாதீர்!