பொருளும் வாய்மையும்



கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டை, வங்கி நம் சொல்லை நம்பி முன்னதாகத் தரும் கடனாகும். நாம் செய்யாத செலவு நம் கணக்கில் ஏறிவிட்டால் வங்கியிடம் முறையிடலாம். வங்கி விசாரித்து, முறையீடு உண்மையென்று கண்டால், பணம் பெற்ற வணிகரின் வங்கியிடமிருந்து அத்தொகையை மீட்கும். ரிசர்வ் வங்கி 2017-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பிறப்பித்த ஆணை, வங்கியும் வாடிக்கையாளரும் பிழை செய்யாதிருக்க மூன்றாமவர் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், நட்டம் வாடிக்கையாளரைச் சேராது என்று வகுத்தது. ஏமாந்தவரைக் காக்க எழுந்த நல்ல ஏற்பாடு இது.

இந்த வாயிலில் வேறொருவனும் வந்து நிற்கிறான். இரவெல்லாம் இணையத்தில் சூதாடித் தோற்றவன், பொழுது விடிந்ததும், "இச்செலவை நான் செய்யவில்லை" என்று வங்கிக்கு எழுதுகிறான். இது முறையாகுமா?

அவன் வாதத்தையும் கேட்போம். "1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30-ஆம் பிரிவில், பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கப் பாராளுமன்றம் 2025-இல் சட்டமே இயற்றியது. அத்தகையோர் பறித்த பணத்தை மீட்பதில் குற்றம் என்ன?" என்கிறான்.

வாதம் வலிமையுடையதே. ஆயினும் ஒப்பந்தம் செல்லாது என்பது வேறு. ஆடவே இல்லை என்பது வேறு. சட்டம் சூதுக்குத் துணை நிற்க மறுக்கிறதேயன்றி, நடந்ததை நடக்காததாக ஆக்கவில்லை. மேலும், அவன் பொய்யுரைப்பது சூது நடத்துவோரிடம் அன்று. தன்னை நம்பிய வங்கியிடம். பொய் முறையீடுகள் பெருகப் பெருக, மெய்யாகவே பணத்தைப் பறிகொடுத்த முதியவரின் முறையீடும் ஐயத்தோடு நோக்கப்படும். அந்த நட்டத்தை யார் ஈடு செய்வார்?

அட்டை களவு போயிருந்தால் தயங்காது முறையிடுங்கள். ஒரே தொகை இருமுறை பிடிக்கப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். மகன் தந்தையின் அட்டையை எடுத்து ஆடியிருந்தால், "யாரோ திருடினார்" என்று எழுதலாகாது. நடந்ததை நடந்தவாறே எழுதி உதவி கேட்க வேண்டும். ஆசையை அடக்க இயலாதவன் தன் அட்டையை முடக்கிவைக்குமாறு வங்கியைக் கேட்கலாம். வீட்டாரிடம் உண்மையைச் சொல்லலாம். வெட்கம் சில நாள், விடுதலை நெடுநாள். கடன் வாங்கிச் சூதாடுவதன் கேட்டை உணர்ந்தே, பிரிட்டனில் 2020 ஏப்ரல் 14 முதல் கடன் அட்டையால் சூதாடுவது தடுக்கப்பட்டது.

திருக்குறளில் வாய்மை, அறத்துப்பாலில் 30-ஆம் அதிகாரம். சூது, பொருட்பாலில் 94-ஆம் அதிகாரம். சூதில் தோற்றவன் இழந்தது பொருள். பொருளை உழைத்து மீண்டும் ஈட்டலாம். அதை மீட்கப் பொய் சொல்பவனோ, சூதாட்டம் தொடாமல் விட்டுவைத்த அறத்தையும் தன் கையாலேயே பணயம் வைக்கிறான். அந்த ஆட்டத்தில் வென்றாலும் தோல்வியே.