இரண்டாவது ஆள்



சில ஆயிரம் பிரசவங்களுக்கு ஒரு குழந்தை, உணவுக்குழாய் பாதியில் அடைபட்டுப் பிறக்கிறது. அந்தக் குழாயின் இரு முனைகளையும் நேரடியாக இணைத்து முதன்முதலில் குழந்தையைப் பிழைக்க வைத்தவர் அமெரிக்காவின் கேமரன் ஹைட். அது 1941. வித்தை கைவந்து எண்பது ஆண்டு தாண்டிவிட்டது. ஆனால் 74 நாடுகளில் எடுத்த ஆய்வு ஒன்று 2021-இல் லான்செட் இதழில் வந்தது. உணவுப்பாதைப் பிறவிக் குறைகளோடு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த குழந்தைகளில் நூற்றுக்கு எத்தனை இறந்தன? பணக்கார நாடுகளில் ஏறத்தாழ 6, நடுத்தர நாடுகளில் 20, ஏழை நாடுகளில் 40.

கத்தி பிடிக்கும் கையை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. இரண்டரைக் கிலோ சிசுவுக்கு மயக்கம் கொடுக்கத் துணிந்த மருத்துவர் வேண்டும். மஞ்சள் நிற வென்ஃப்ளானை நூல் போன்ற நரம்பில் ஏற்றி, ராத்திரி முழுக்க எச்சிலை உறிஞ்சியெடுக்கும் சிஸ்டர் வேண்டும். அவர் பழகி முடிப்பதற்குள் எலும்பு முறிவு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். (பாராட்டு விழா குழந்தை அறுவை மருத்துவர்களான எங்களுக்கு, சிஸ்டருக்கு அடுத்த ஷிப்ட்.) குழந்தை அறுவையில் எம்.சிஎச். முடித்தவர் ஒருவர் மாவட்டத்துக்கு வருவார், ரிப்பன் வெட்டுவார்கள். அவருக்கு மாற்றல் வந்ததும் பிரிவைப் பூட்டிவிடுவார்கள். அவரோடு இரண்டாவது ஆள் ஒருவர் இருந்திருந்தால் பூட்ட வேண்டியிருக்காது.

எல்லா அறுவையையும் மாவட்டத்திலேயே செய்யச் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு மட்டும் வரும் அறுவைகளில் கை பழகாது. அவை சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கே போகட்டும். ஆனால் ஆசனவாய் இல்லாமல் பிறந்த குழந்தையை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று அறுவை. இடையில், மலம் போக வயிற்றில் திறந்த வாயைத் தாய் துடைத்துப் பராமரிக்க வேண்டும். புதிதாக அமைத்த ஆசனவாய் சுருங்காமல் இருக்க, மாதக்கணக்கில் தினமும் உலோகக் கம்பி செலுத்தி விரிக்க வேண்டும். அளவு ஏற ஏற மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கும் ராமநாதபுரத்திலிருந்து 500 கிலோமீட்டர் தாண்டி வரச் சொன்னால் எத்தனை முறை வருவார்கள்? காப்பீட்டு அட்டை ஆபரேஷன் செலவைப் பார்த்துக்கொள்ளும்; அப்பாவின் தினக்கூலியை யார் கொடுப்பது?

இன்று பட்டம் பெற்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வேலை. பிறந்த குழந்தை வாயில் நுரை தள்ளினால் பால் கொடுக்காதீர்கள். குழாய் விட்டுப் பாருங்கள். பத்து சென்டிமீட்டரில் முட்டினால் தலையை உயர்த்தி, எச்சிலை உறிஞ்சியபடி, குளிர் படாமல் அனுப்புங்கள். 108 கிளம்பும் முன் எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். இரவு இரண்டு மணியானாலும் எடுப்போம்.