கணவாய்க்கு இப்புறமும் அப்புறமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

காசுமீரத்து மலையேரிகளுக்கு நடந்து சென்று வந்த அனுபவத்தைச் சொல்லுமாறு செயலாளர் பணித்தார். ஏரிகளின் அழகை விரித்துரைப்பது எளிது. ஆயினும் நம் காலனிப் பிள்ளைகள் பலர் விடுமுறை வந்ததும் இமயத்திற்குப் புறப்படுகின்ற இந்நாளில், அழகினும் முந்திச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. அஃது என் தோல்வியின் கதை.

சோனமார்கில் தொடங்கி நாரநாக்கில் முடிவது அப்பாதை. ஏறக்குறைய 70 கிலோமீட்டர். முதல் முறை சென்றபோது, தில்லியிலிருந்து விமானத்தில் சிறீநகரை அடைந்து, மறுநாள் சோனமார்கில் தங்கி, அதற்கு மறுநாளே ஏறத் தொடங்கினேன். தில்லியின் உயரம் 200 மீட்டர் சொச்சம். வழியிலுள்ள நிச்நைக் கணவாயோ ஏறத்தாழ 4,100 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே. காற்றில் பிராணவாயுவின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் அளவு குறைகிறது. இதற்கு உடல் பழகச் சில நாட்கள் வேண்டும். அந்நாட்களை நான் அதற்குக் கொடுக்கவில்லை.

கணவாயின் அடிவாரத்துக் கூடாரத்தில் தலை பிளந்தது, வாந்தியும் வந்தது. உடன் வந்தோரிடம் மறைத்தேன். உண்ணாத தட்டையும் தள்ளாடிய நடையையும் கண்டுகொண்டவர் எங்கள் குதிரைக்காரர். “ஏரி அடுத்த ஆண்டும் இங்கேதான் இருக்கும், ஐயா” என்றார். எனக்குச் சினம் மூண்டது. எனினும் விடியுமுன் என்னை இறக்கிவிட்டார். சோனமார்கை அடைவதற்குள் வலி நீங்கிற்று. ஊர் திரும்பிய நான், மழை வழிமறித்தது என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். இன்று இம்மேடையில் அதைத் திருத்திக்கொள்கிறேன்.

மறு ஆண்டு, சோனமார்கில் மூன்று இரவு தங்கிய பின்னரே ஏறினேன். நிச்நையைக் கடந்து விசன்சார் ஏரிக்கரையில் உறங்கினேன். பின்னர் 4,200 மீட்டர் உயரத்துக் கட்சர் கணவாயில் நின்று திரும்பிப் பார்த்தேன். பனியாறு குடைந்த பள்ளங்களில் விசன்சாரும் கிசன்சாரும் இரட்டைக் கண்களெனக் கீழே விளங்கின. இறுதியில் அரமுகச் சிகரத்தின் அடியில் கங்காபால் ஏரியையும் கண்டேன். குதிரைக்காரர் சொன்னது மெய். ஏரிகள் எங்கும் போய்விடவில்லை.

இளைஞர்களே! 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். தலைவலியும் குமட்டலும் தோன்றினால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, அறிவு மயங்கினாலோ, அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நள்ளிரவாயினும் கீழே இறங்குங்கள்; தனியே அன்று, துணையோடு.

பெற்றோர்களே! பாதி வழியில் திரும்பிய பிள்ளையை நகையாதீர்கள். அன்று என்னை மறைக்கச் செய்தது அந்த நகைப்பைப் பற்றிய அச்சமே. திரும்பி வந்தவன் மீண்டும் செல்லலாம்.